முளைக்காத கறிவேப்பிலை

“ஆஸ்மா ஆன்ட்டிகிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கணும் சார்.”

கேட்டே விட்டாள். கேட்ட பிறகுதான் நிரஞ்சனாவுக்கு உறைத்தது, முதலாளியின் அறைக்கதவைக்கூடச் சாத்தாமல், நின்ற வாக்கில் கேட்டிருக்கிறோம் என்று. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கடையின் முன்பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த தோட்டப் பெட்டிகளின் மோட்டார்கள் எப்போதும்போல் முனகிக்கொண்டிருந்தன. வெளியே சிராங்கூன் சாலையில் பஸ் ஒன்று புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றது. அவள் நெஞ்சுக்குள் மாதக்கணக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மட்டும் எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, நடையைக் கட்டியது.

இந்த ஒன்றைத்தான் கேட்கவே கூடாது என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். சந்திரமதி சாங்கி ஏர்போர்ட்டில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில் வருஷக்கணக்காக நிற்கிறவள். மகள் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, பிடோக் வீட்டு வாசலில் வைத்தே பாடம் நடத்திவிட்டாள். “மொதலாளிகிட்ட லீவு கேளு. சம்பளத்தக் கூட்டிக் கேளு. ‘ஸாரி சொல்லுங்க’ன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. அதுக்கப்புறம் ஒன் மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் அவனுக்கு அதுதான் தெரியும்.”

அம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கோ பார்த்திருப்பாள், யாருக்கோ நடந்திருக்கும். ஆனால் அம்மாவுக்கு நேற்று நடந்தது தெரியாது.

ரமணன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். நாற்பது வயது, சட்டென்று சிரிக்கிற முகம். பாதி வியாபாரம் அந்தச் சிரிப்பில்தான் ஓடியது.

“யாரும்மா ஆஸ்மா?”

“நேத்து டிராலியில பெட்டியக் கட்டி இழுத்துட்டு வந்தாங்களே, குவீன்ஸ்டவுன்லேர்ந்து.”

“ஓ! அந்த அரிசித் தண்ணி ஆன்ட்டியா!” சிரித்தார். “அவங்கதான நம்மகிட்ட ஸாரி சொன்னாங்க? நாம எதுக்குச் சொல்லணும்?”

அதுதான். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ரமணனின் கம்பெனி விற்பது அடுப்படித் தோட்டம். ரைஸ் குக்கர் அளவில் வெள்ளைப் பெட்டி. உள்ளே தண்ணீர், அதைச் சுற்றவிட ஒரு சின்ன மோட்டார், மேலே வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு. மூடியில் இருக்கும் ஓட்டைகளில் விதை வைத்த பஞ்சைச் செருகி, தண்ணீரில் சத்து மருந்தைக் கலந்துவிட்டால் போதும். மண் வேண்டாம், ஜன்னல் வேண்டாம், பன்னிரண்டாவது மாடியில் சமையல் மேடை மேலேயே புதினா தழைக்கும். பொய்யில்லை. புதினா வரும், வெந்தயக்கீரை வரும், துளசி மளமளவென்று வரும். நிரஞ்சனா தாவரவியல் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் வந்ததும் ஒரு மூடியைத் தூக்கி, தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று தொங்கும் வேர்களைப் பார்ப்பாள். அன்றைக்கு முழுக்க அந்தச் சந்தோஷம் தாங்கும்.

வராதது கறிவேப்பிலை. ஆனால் பெட்டியை விற்றதே கறிவேப்பிலைதான். புதினாவுக்காக எவர் இவ்வளவு பெரிய சாமானை வாங்குவார்? தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் தீர்ந்தது. ‘உங்கள் சமையல் மேடையிலேயே கறிவேப்பிலை’ என்று அட்டையில் அச்சடித்த பிறகுதான் கூட்டம் வந்தது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நிரஞ்சனாவின் படம்: இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு பஞ்சு, கீழே ‘எங்கள் தாவர நிபுணர் நிரஞ்சனா, பி.எஸ்சி.’ அவர்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்து வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, ஷோகேஸில் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அதைப் பார்க்காமல் போக விடமாட்டாள்.

கறிவேப்பிலை விதை காய்ந்தால் செத்தது. பழம் பழுத்ததும் தோலை உரித்து, ஈரம் போகுமுன் ஊன்ற வேண்டும். முளைத்தாலும் குழம்புக்குக் கிள்ளும் அளவுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ரமணன் வரவழைத்திருந்ததோ மூட்டை மூட்டையாகக் காய்ந்த விதை. சந்தேகம் வந்து அதில் ஒரு கைப்பிடியை வீட்டில் ஈரத்துணியில் மடித்து வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு துணியில், தங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்துக் கறிவேப்பிலை மரத்தில் மைனாவுக்கு முந்திக்கொண்டு பறித்த பழங்களின் விதையையும் வைத்தாள். மரத்து விதை முளைவிட்டது. மூட்டை விதையில் பூசணம் பூத்தது.

இரண்டு துணியையும் கொண்டுவந்து ரமணனின் மேசையில் விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இருக்கிற ஸ்டாக்கு தீரட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்.” அதுவரை புகார் சொல்கிறவர்களை என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். “தண்ணியும் மருந்தும் தவிர வேற ஏதாச்சும் ஊத்துனீங்களான்னு கேளு. அது போதும் லா.”

போதும்தான். அந்தக் கேள்விக்குத் தப்பிய வீடு ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. ஒருவர் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றியிருப்பார், ஒருவர் டீத்தூளைத் தட்டியிருப்பார், ஒருவர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டிருப்பார். கோயில் தீர்த்தம் விட்டவர் உண்டு, பரக்கத் பெருகட்டும் என்று மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டவர் உண்டு. ஒரு அங்கிள் தன் நாய்க்குக் கொடுக்கும் வைட்டமினைக் கரைத்து ஊற்றியிருந்தார். செடி என்று ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கேள்வியைக் கேட்டதும் போனில் குரல் இறங்கும். “ஆமாம்மா... ஒரே ஒரு வாட்டி...” குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே குற்றமே செய்யாத நெஞ்செல்லாம் குறுகுறுத்தது. குற்றமுள்ளது ஏர்கானில் உட்கார்ந்து கோப்பி குடித்தது. பிறகு நிரஞ்சனாவின் பெயர் போட்டுப் பதில் போகும்: ‘பராமரிப்பில் தவறு.’

ஆஸ்மாவுக்கும் அப்படித்தான் போனது. அறுபதைத் தொடும் வயது. பழைய புளோக்கில் இருந்தவரை நடைபாதை முழுக்க அவருடைய தொட்டிகள்தானாம். அவர் ஊன்றினால் விறகுக்கட்டையும் துளிர்க்கும் என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிகூடக் கொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாராம். கைராசிக்காரி. அந்தப் புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்று புது வீட்டுக்கு மாறியதும் மகன் வாங்கிக் கொடுத்தது இந்தப் பெட்டி. மறுபடி மறுபடி பஞ்சு மாற்றினார். ஒரு முளைகூட வரவில்லை. நேற்று பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டார்.

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ரமணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆஸ்மாவின் முகம் சுருங்கியது.

“அரிசி களைஞ்ச தண்ணி... ஒரு வாட்டி ஊத்துனேன் தம்பி.”

“பாத்தீங்களா! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஸ்மாவும் சேர்ந்து சிரித்தார். “தப்பு எம்மேலதான் தம்பி. மன்னிச்சுக்குங்க.” பிறகு டிராலிக் கயிற்றை முடிந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “வீடு மாறுனதுல ராசி போயிருச்சு போல. இனிமே எதையும் ஊனக் கூடாது.”

நிரஞ்சனா பக்கத்தில்தான் நின்றாள். வெள்ளைக் கோட்டு போட்ட நிரஞ்சனாக்கள் அலமாரி முழுக்கச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. வாசல் வரைக்கும் டிராலியைத் தள்ளிக் கொடுத்தாள், அவ்வளவுதான். வகுப்பில் லெக்சரரையே எதிர்த்துப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள். அந்த வாய் எங்கே போயிற்று? வீட்டுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே அழுதாள். அழுகையில் பாதி கோபம், அந்தக் கோபத்தில் முக்கால்வாசி தன்மேல். அந்த மனுஷியிடம் ரமணன் மன்னிப்புக் கேட்டு உண்மையைச் சொன்னால் இந்த வேலையில் இருப்பது; இல்லையென்றால் தன் பெயரில் இன்னொரு பதில் போகக்கூடாது. பாய லேபார் ஸ்டேஷன் வருவதற்குள் இவ்வளவும் தீர்மானம் ஆகிவிட்டது.

“அவங்க ஸாரி சொன்னதுதான் சார் பிரச்சன,” என்றாள் இப்போது. “அது செத்த வெத. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது.”

“கதவச் சாத்து மொதல்ல.”

“தொறந்தே இருக்கட்டும் சார்.”

ரமணன் நாற்காலியில் சாய்ந்தார். “நிரு, ஒனக்கு என்ன வேணும் சொல்லு. புரோடக்ட் ஹெட்னு கார்டு அடிச்சுத் தரேன். அம்மா சந்தோஷப்படுவாங்கல்ல? பாட்டனிய வச்சுக்கிட்டு இந்த ஊர்ல யாருகிட்ட போய் நிப்ப? இங்க விட்டா தேக்காவுல கீரதான் விக்கணும் லா.”

“கீர விக்கிறவங்க கையில கீரயாச்சும் இருக்கும் சார். நம்மள மாதிரி வெறும் பஞ்ச விக்க மாட்டாங்க.”

இதற்கு அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் இரண்டு தட்டு தட்டினார். “சரி. மன்னிப்புதான? அது என்ன பெரிய விஷயம். நம்பரச் சொல்லு.”

இவ்வளவு சுலபமா? அம்மா பயந்ததெல்லாம் வீண்தானா? எண்ணைச் சொன்னாள். ரமணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

“ஆன்ட்டி, ரமணன் பேசுறேன், அடுப்படித் தோட்டத்துலேர்ந்து. நேத்து விஷயமா ரொம்ப ஸாரி ஆன்ட்டி. இங்க நிரஞ்சனான்னு ஒரு பொண்ணு, படிச்சு முடிச்சுட்டுப் புதுசா வந்துச்சு. அதுதான் ஒங்களுக்குத் தப்புத் தப்பா அட்வைஸ் குடுத்திருக்கு. நான் கண்டிச்சுட்டேன். அதுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். கேட்டது கிடைத்துவிட்டதல்லவா?

அந்த இடத்தில் அவளுக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மாறாக, வெகுநேரம் தூக்கி நின்ற மூட்டையை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி தோள் இரண்டும் இறங்கின. இருப்பதா போவதா என்று இனி எடைபோட ஒன்றும் பாக்கியில்லை.

“ஐயோ, அந்தப் புள்ளயவா?” போனில் ஆஸ்மா பதறினார். “அது பாவம் தம்பி. நேத்து வாசல் வரைக்கும் வந்து வண்டியத் தள்ளி விட்டுச்சு. திட்டாதீங்க. என் கைதான் சரியில்ல...”

நிரஞ்சனா கையை நீட்டிப் போனை எடுத்தாள். “ஆன்ட்டி, நான்தான் நிரஞ்சனா. ஒங்க கை நல்லாத்தான் இருக்கு. அது செத்த வெத. காஞ்சுபோன கறிவேப்பில வெத யாரு ஊனுனாலும் மொளைக்காது. அரிசித் தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் வித்தோம். என்ன மன்னிச்சுருங்க.”

ரமணன் பாய்ந்து எழுந்து போனுக்குக் கை நீட்டினார். அவள் மேசைக்கு மறுபக்கம் நகர்ந்துகொண்டாள்.

ஆஸ்மாவின் குரல் மெதுவாக வந்தது. “செத்த வெதயா?”

“செத்த வெத ஆன்ட்டி.”

“அப்ப... என் கை?”

“ஒங்க கைக்கு ஒண்ணுமே இல்ல.”

“அடப் பாவிங்களா!” அறை அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், வயிற்றிலிருந்து குலுங்கிக் குலுங்கி, நேற்றுக் கடையில் சிரித்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. “அல்ஹம்துலில்லாஹ்! மருமவ தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாக்கூட நீயே ஊத்துன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன் புள்ள, என் கை பட்டா பட்டுப்போயிருமோன்னு! செத்த வெதயாம்ல! மவனே, டேய் அஹ்சன், இங்க வா, இந்தப் புள்ள சொல்றதக் கேளு!” மூச்சு வாங்கியது. “ஏம் புள்ள, அந்தத் தம்பி பக்கத்துல இருக்கா?”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார் ஆன்ட்டி.”

“கூடம் கோணல்தான்னு சொல்லு!”

போனை மேசையில் வைத்தாள். முன்பக்கத்தில் ஒரு இளம் ஜோடி பெட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கதவுதான் திறந்திருந்ததே. அந்தப் பெண் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள், அறைக்குள் இருந்தவளைப் பார்த்தாள், பெட்டியைச் சத்தம் வராமல் அலமாரியில் வைத்தாள்.

“நீ என்ன பண்ணியிருக்கன்னு தெரியுதா?” ரமணன் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நாளைக்கு எல்லாரும் போன் அடிப்பாங்க.”

“அடிக்கட்டும் சார். உண்மையச் சொல்லுங்க. அதுக்கு எந்தக் கேள்வியும் கேக்க வேண்டியதில்ல.” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “அட்டையிலேர்ந்து என் படத்தையும் பேரையும் எடுத்துருங்க. எடுக்கலன்னா நானே வந்து ஒவ்வொண்ணா கிழிப்பேன். செய்வேன்னு ஒங்களுக்கே தெரியும்.”

“அவசரப்படாத நிரு. வீட்டுக்குப் போ, அம்மாகிட்ட பேசு, நல்லா யோசி. நாளைக்கு வா, உக்காந்து பேசலாம்.”

அம்மா கத்துவாள். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கத்தட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம், தாங்க முடியாதது முடிந்துவிட்டது.

“யோசிச்சாச்சு சார்,” என்றாள்.

அலமாரிகளைத் தாண்டி, வழிவிட்டு ஒதுங்கிய அந்த ஜோடியைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள். மத்தியான வெக்கை முகத்தில் அடித்தது. நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு சரியாக இறங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிரே எந்தக் கடையிலோ வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. நிரஞ்சனாவுக்கு அகோரமாகப் பசித்தது. பச்சை விளக்கு விழுந்ததும் சாலையைக் கடந்து, அந்த வாசனை வந்த பக்கமாக நடந்தாள்.