பாட்டுக்கு நடுவில் பேசுகிறவள்

“பாட்டு வேணாம்ண்ணே. அதைத்தான் நெட்டுல போட்டு வச்சிருக்கீங்களே, நினைச்சப்பல்லாம் கேக்கறேன். நடுவுல ஒரு பொம்பளை பேசியிருப்பாங்க. அந்தப் பேச்சு வேணும்.”

“பேச்சா? அப்படி ஒண்ணும் இல்லையே தங்கச்சி.”

“குலவை இருக்குல்ல?”

“கல்யாண வீட்டுல பதிஞ்சது. குலவை இல்லாம இருக்குமா? பத்துப் பேர் போடறாங்க.”

“ஒம்பது பேர் நிறுத்திடறாங்க. ஒருத்தங்க மட்டும் விடாம இழுக்கறாங்க, மூச்சு முட்டினதும் சிரிச்சுடறாங்க. எங்க ஊர்ல அப்படிப் போட்டது ஒரே ஆளுதான்னு எங்க அத்தை சொன்னாங்க. எங்கம்மா.”

பிஹி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

வந்தவள் பெயர் கெல்தூம். தஃப்ராவுத் மலைப்பக்கத்திலிருந்து காலை டாக்சியில் வந்து இறங்கி, திஸ்னித் வெள்ளிக்கடைத் தெருவில் நாலைந்து பேரிடம் விசாரித்து, கடைசிச் சந்தில் இருக்கும் இந்த ரேடியோ ரிப்பேர் கடையைக் கண்டுபிடித்திருந்தாள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கறுப்புப் போர்வையின் சிவப்பு ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

ரிப்பேர் வேலை பிஹிக்கு வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவன் பொழுதெல்லாம் கேசட்டுகளோடுதான். வியாழக்கிழமைச் சந்தையில் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்பவர்கள் முன்னால் குனிந்து குனிந்து பன்னிரண்டு வருடமாகப் பொறுக்கியவை. மலைக் கல்யாணங்கள், அறுவடைப் பாட்டுகள், ஒற்றைத் தந்தி ரிபாபை வாசித்துக்கொண்டு சந்தை சந்தையாகத் திரிந்த பாட்டுக்காரர்கள். சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, நெட்டில் எல்லோருக்கும் சும்மா கொடுத்துவிடுவான். மார்செய்யிலிருந்தும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் முகம் தெரியாத ஆட்கள் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதுவார்கள். பல நாட்களில் அவனோடு யாராவது பேசினார்கள் என்றால் அது அந்த இரண்டு வரிதான். ‘என்னிடம் இருப்பதெல்லாம் இங்கே இருக்கிறது’ என்று தன் பக்கத்தின் உச்சியில் எழுதி வைத்திருந்தான்.

அது பொய் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“அப்பா பிரான்சுல நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தாரு,” என்றாள் கெல்தூம். “அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேசட்டுல பேசித்தான் அனுப்புவாங்க. போறதும் வர்றதும் அதே கேசட்டுதான். இவங்க பேசினதுக்கு மேலேயே அவரு பேசி அனுப்புவாரு. இந்த ஒண்ணை மட்டும் அவரு திருப்பி அனுப்பவே இல்ல.”

பிஹிக்கு அது தெரியும். அந்தக் கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் யாரோ கத்தியால் பெயர்த்திருந்தார்கள். இனி இதன்மேல் எவரும் எதையும் பதியக்கூடாது என்று நினைப்பவன் செய்கிற வேலை.

“அடுத்த குளிர்லயே அம்மா போயிட்டாங்க. எனக்கு ஒன்றரை வயசு. அப்பா அதை எங்க முன்னாடி போட்டதே கிடையாது. கதவைச் சாத்திட்டுக் கேப்பாரு. அவரு போனதும், அவரு ரெண்டாவதா கட்டின சின்னம்மாவோட பையன் வீட்டைக் காலி பண்றேன்னு பெட்டியோட சந்தையில தள்ளிட்டான். நான் அம்மா பேசிக் கேட்டதே இல்லைண்ணே.”

“பேச்சு இருந்துச்சு,” என்றான் பிஹி, கேசட் அடுக்குகளைப் பார்த்தபடி. “சும்மா வீட்டுக்கதை. பாட்டைக் கெடுக்குதுன்னு வெட்டிட்டேன். கேக்கறவங்களுக்குப் பாட்டுதானே வேணும்? வெட்டினதைத் தூக்கிப் போட்டாச்சு. கேசட்டும் போயிடுச்சு. மூணு வருஷம் ஆச்சு.”

“வீட்டுக்கதைன்னா என்ன கதை?”

“ஆடு குட்டி போட்டுச்சு, கூரை ஒழுகுது. அந்த மாதிரி.”

“எந்த ஆடு?”

“கறுப்பாடு. ரெட்டைக் குட்டி.”

“என்னைப் பத்தி எதாவது?”

அவள் கேட்ட விதத்தில் அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது. “கீழ் வரிசையில ரெண்டு பல்லு முளைச்சிருக்காம். பால் குடிக்கறப்ப கடிக்கிறாளாம். ‘உன் பொண்ணுதானே, வேற எப்படி இருப்பா’ன்னு அவரை ஏசறாங்க.”

கெல்தூம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி தூக்கிப் போட்டீங்க. மேல் வரிசையா கீழ் வரிசையான்னு கூடவாண்ணே ஞாபகம் இருக்கு?”

பிஹி திருப்புளியை எடுத்தான். மறுபடி கீழே வைத்தான்.

அவள் சண்டை போடவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “நான் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். ஆறு பேர் சேந்தாத்தானே டாக்சி எடுப்பான். இந்த வெயில்ல சட்டுனு யாரும் வரமாட்டாங்க,” என்று சொல்லிவிட்டு, இரண்டு வினாடி நின்றுவிட்டுப் போனாள்.

பிஹி ஷட்டரைப் பாதி இறக்கினான். சாப்பாட்டு நேரம்தான். ரொட்டி, ஆலிவ், நேற்றைய பருப்பு. கடைத்தெருவிலேயே ஆகச் சின்ன டீப்பானை அவனுடையது. அதிலும் இரண்டு தம்ளர் வரும். இரண்டாவது எப்போதும் ஆறிப்போகும்.

அந்தக் கேசட்டை முதலில் அவன் முழுசாகத்தான் நெட்டில் போட்டான். அன்றைக்கே மார்செய்க்காரன் ஒருவன் எழுதினான்: ‘பாட்டு அருமை. நடுவில் வந்து தொணதொணக்கிறதே, யாரப்பா அந்த வாயாடி?’ வீட்டுப் பெண்ணைத் தெருவில் ஒருவன் கிண்டல் செய்ததைப் போல பிஹிக்கு முகம் சுட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அவள் பேச்சையெல்லாம் வெட்டி எடுத்து, வெறும் பாட்டை மட்டும் போட்டான். குலவையில் கை வைக்கவில்லை; அதைப் பாட்டிலிருந்து பிரிக்க முடியவில்லை. வெட்டிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தான். பதினோரு நிமிஷம் வந்தது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவளோடுதான்.

மலைப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பிஹி போய் அதில் உட்கார்ந்துகொண்டான்.

இன்றும் பொத்தானைத் தட்டினான்.

“இந்தாய்யா, கேக்குதா? உன்னைத்தான். இப்பப் பாடப்போறது நீ ஆடுவியே, அந்தப் பாட்டு. ஆடறேன்னு பேரு, புழுதிதான் மிச்சம். சாப்பிட்டியா? பொய் சொல்லாத, குரல்லயே தெரிஞ்சுடும்.”

“சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்” என்று பிஹி வழக்கமாகச் சொல்லும் இடம் அது. இன்றைக்கு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

“கூரைக்கு மண்ணு போட ஆள் வரலை. ஒழுகற இடத்துல உன் சட்டியத்தான் வச்சிருக்கேன். குழிக்குள்ள இறங்கறப்பக் காதுல துணி கட்டிக்க. எப்ப வந்தாலும் சாவி அதே இடத்துலதான் இருக்கு, தெரியும்ல?”

சாவியைப் பற்றிய அந்த வரிதான் அவனுக்கு உயிர். அது எந்த இடம் என்று எத்தனையோ மத்தியானம் யோசித்திருக்கிறான். ஜன்னல் மாடமா, தண்ணீர்ப் பானைக்கு அடியிலா. எங்கேயோ ஒரு வீட்டில் தனக்காக ஒரு சாவி காத்திருக்கிறது என்ற நினைப்போடு ஷட்டரை ஏற்றினால், மாலை வரைக்கும் தாங்கும்.

அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இன்று அது சிவப்பு ஓரப் போர்வையோடு எதிரில் நின்றது.

அவன் டீயைக் குடிக்கவில்லை. அலமாரியின் பின்வரிசையிலிருந்து முதுகு பெயர்ந்த கேசட்டை எடுத்தான். கைக்கடக்கமான பிளேயரையும் காதில் மாட்டும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தான். பாதி வழியில் ஓடவும் செய்தான்.

ஸ்டாண்டில் பழைய மெர்சிடிஸ் டாக்சி நிழலில் நின்றது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். டிரைவர் மூலிது கதவில் சாய்ந்து கூவிக்கொண்டிருந்தான்.

“தஃப்ராவுத்! ஒரே ஒரு ஆளு! அட, ரேடியோ பிஹி! என்னய்யா, கடையைத் தூக்கிட்டு ஊரை விட்டு ஓடறியா? ஏறு ஏறு, நீதான் ஆறாவது.”

“நான் வரலடா.”

“வராதவன் எதுக்குடா ஓடி வர்ற? என் வயித்துல பாலை வார்த்துட்டுப் பிடுங்கிட்டியே.”

பின்சீட்டின் ஓரத்தில் கெல்தூம் இருந்தாள். பிஹி கேசட்டைப் பிளேயரில் போட்டு ஓடவிட்டு, திறந்த கண்ணாடி வழியாக ஹெட்போனை நீட்டினான். அவள் அதைப் போர்வைக்குள் விட்டு மாட்டிக்கொண்டாள்.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வரிசை மனப்பாடம் என்பதால் அவள் முகத்தைப் பார்த்தே அவனால் தொடர முடிந்தது. இப்போது ரிபாப். இப்போது குலவை. இப்போது ‘இந்தாய்யா, கேக்குதா’. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்பாடு போனது, பல் போனது, கூரை போனது. பக்கத்தில் இருந்த கிழவர் பிஸ்தாவா வாதுமையா எதையோ கடித்துக்கொண்டு, கூச்சத்தோடு வெளியே பார்த்தார்.

திடீரென்று கெல்தூம் கலகலவென்று சிரித்தாள். எந்த வரி என்று பிஹிக்குத் தெரியும். அந்த இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

“சாவியா?” என்றான்.

அவள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். கன்னம் நனைந்திருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. “கழுதைக் கழுத்துலண்ணே! அப்பா எங்க வச்சாலும் தொலைச்சுடுவாருன்னு அம்மா அதைக் கழுதைக் கழுத்துல கட்டி விட்டாங்களாம். வீட்டுக்குள்ள போகணும்னா முதல்ல கழுதையப் பிடிக்கணும். அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

பிஹியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, மாடத்தையும் பானையையும் மனசிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பதினோரு நிமிஷத்தில் அவனுக்கென்று இருந்த இடம் எவ்வளவு என்று இப்போது தெரிந்தது.

“கேசட்டை வச்சுக்க. பிளேயரும் உனக்குத்தான்,” என்றான். “நான் பொய் சொல்லிட்டேன். தூக்கிப் போடல.”

“தெரியும்ண்ணே.”

“பாட்டைக் கெடுக்குதுன்னு சொன்னதும் பொய்தான்.”

அவள் அவனையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் கோழிக்கூண்டோடு சந்திலிருந்து ஓடி வந்தான். “ஆறு!” என்று மூலிது கத்தினான். கூண்டை டிக்கியில் திணித்து அறைந்து சாத்தினான். ஓட்டுமிடத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

பிஹி ஜன்னல் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டி மெதுவாக நகர்ந்தது. அவனும் கூடவே நகர்ந்தான்.

“தங்கச்சி, கடைல கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்கு. அவங்க பேசறது மட்டும். யாருக்கும் தர மாட்டேன், எங்கயும் போட மாட்டேன். மத்தியானம் சாப்பிடறப்ப மட்டும் கேப்பேன்,” என்றான். “அது என்கிட்டயே இருக்கட்டுமா?”