அடுத்த வசனம்

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆரணி சபையில் ஒரு தட்டு வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷம் முழுக்கக் கடவுள் நமக்குச் சொல்வது. பழைய பட்டுத்தறியை விற்றது, மகளுக்கு மாப்பிள்ளை முடித்தது எல்லாமே அட்டையைப் பார்த்துத்தான். பைபிளை முழுசாகப் படிக்க எனக்கு எங்கே நேரம்? நான் படிக்க உட்கார்ந்தால் தறியில் மோசேயா உட்காருவார்?

இந்த வருஷம் வந்த வசனத்தைப் படித்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று. கர்த்தர் எனக்காக யுத்தம் செய்வாராம். நான் சும்மா இருந்தால் போதுமாம்.

என் மனைவி இவாஞ்சலினுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி என்றாலே எனக்கு ஆகாது. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயம். அதனால் அட்டையை அவளிடம் நீட்டினேன்.

"பாத்தியா இவா? ஆபரேஷன் வேணாம்னு ஆண்டவரே சொல்ட்டாரு."

அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. மதியம் சோறு வடித்துவிட்டு பைபிளும் கையுமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, அட்டையில கீறது செங்கடலாண்ட மோசே ஜனங்களுக்குச் சொன்னது. அடுத்த வசனத்துல ஆண்டவர் இன்னா சொல்றாரு பாருங்க. ஏன் என்னாண்ட முறையிட்டுகினு கீற, ஜனங்கள கெளம்பிப் போவச் சொல்லுன்னு மோசேயவே அதட்றாரு."

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அப்படித்தான் இருந்தது. மேலே சும்மா இரு, கீழே கிளம்பு. ரெண்டும் ஒரே பக்கத்தில்! நான் எதைப் பிடிப்பது?

போதகரிடம் ஓடினேன்.

"அட்டையில வந்ததுதான் உங்களுக்கு, டேவிட்ராஜ். முன்ன பின்ன படிச்சி கொழப்பிக்காதீங்க" என்றார், கேக்கை மென்றுகொண்டே.

பைபிளைப் படித்தால் குழப்பம் வரும் என்று போதகரே சொன்னதும், இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

மறுநாள் காலை இவாஞ்சலின் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே போனேன். கெஞ்சினேன், கத்தினேன்.

"விசுவாசமே இல்லியாடி உனக்கு?"

"கீறதாலதான் போறேன்." வேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அட்டை உங்களுக்குத்தான வந்துது? நீங்க சும்மா இருங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஆண்டவரே, எந்த வசனம் என்று கேட்டேன். பஸ் நகர்ந்தது. என்னைக் கேட்காமலேயே என் கால் ஓடிப் படியேறிவிட்டது. ஏறியது விசுவாசமா, அவிசுவாசமா, எனக்குத் தெரியவில்லை.

அவள் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து இடம் விட்டாள். அவள் கையைப் பிடித்தேன். நான் பிடித்ததைவிட இறுக்கமாக அவள் பிடித்துக்கொண்டாள்; வேலூர் வரும்வரை விடவில்லை.