பிறந்த வீட்டுக் கோடி

பாலுசாமி இரண்டாவது டீக்குச் சொல்லிவிட்டுக் கடை பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ரோட்டோரம் நின்ற வாடகை வேனிலிருந்து அவர் மனைவி சுப்பாத்தாள், கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூருக்குப் பத்து நிமிடம்தான். அங்கே அவருடைய அக்கா மயிலாத்தாள் விடிகாலையில் செத்துக் கிடந்தாள். மணி நாலு ஆகப்போகிறது.

"ஏனுங்க, அவங்க எத்தன நேரந்தான் காத்துக் கிடப்பாங்க?"

"கெடக்கட்டும்" என்றார்.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே விழாமல் எடுக்க மாட்டார்கள். எத்தனை பெரிய வீடானாலும் கூடப்பிறந்தவன் வரும்வரை பாடை வாசலில் காலியாகத்தான் கிடக்கவேண்டும். அக்கா புருஷன் வெங்கடபதி, இருபது தறி ஓட்டுகிறவர், இந்நேரம் அந்தக் காலிப் பாடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நினைக்க நினைக்கப் பாலுசாமிக்கு டீ இனித்தது. அக்காவுக்காக அழவேண்டும் என்பது தெரியாமல் இல்லை. அழுகைக்கு இன்னும் முறை வரவில்லை, அவ்வளவுதான்.

சேதி காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. அக்கா மகன் அருள்குமார், அன்னூர்ப் பக்கம் இவர் ஊர் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அழுதான். இவர் நிதானமாகக் குளித்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், அவிநாசிக்குப் போய் ஜவுளிக் கடையில் முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இருபத்தாறு வருடத்து ஆத்திரம். அறுபத்தெட்டில் அம்மா செத்த அன்று, மில் சங்கு ஊதும்போது சித்தப்பா மகன் ரங்கராஜைச் சைக்கிளில் சோமனூருக்கு அனுப்பினார். காலை ஆறு மணிச் சங்கு. அவன் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மிதித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சேதி கிடைத்தும் வெங்கடபதி அக்காவைப் பகல் முழுக்க அனுப்பவில்லை. அம்மாவை எடுத்த பிறகு, பொழுது இறங்கி வந்த அக்கா வெறும் வாசலில் விழுந்து புரண்டாள். பெற்றவள் முகத்தைப் பார்க்க விடாத மனுஷன் அவர். எத்தனையோ பேரிடம் சொன்ன அந்தக் கதையைப் பாலுசாமி இன்றும் சொன்னார், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அதே ரங்கராஜிடம்.

"ஆறு மணிச் சங்குக்கு உன்னைய அனுப்புனேன். சாயங்காலந்தான் அந்தாளுக்கு மனசு வந்துச்சு. இன்னைக்குத் தெரியட்டும்."

ரங்கராஜ் கிளாசைக் கீழே வைத்தார். வாயைத் துண்டால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அண்ணா, அது ரெண்டு மணிச் சங்குங்க."

பாலுசாமி சிரிக்கப் பார்த்தார்.

"அவங்க ஊர்க் கோயில் நோம்பிக்கு மாமா வந்து கூப்பிடலைன்னு அப்ப உங்களுக்குக் கோவம். காலையில இருந்து, மெதுவாச் சொல்லிக்கலாம், மெதுவாச் சொல்லிக்கலாம்னே இருந்தீங்க. வெய்யில்ல நான் போய்ச் சேர்றப்ப நாலரை மணிங்க. 'இந்நேரத்துக்குத்தான் சொல்லத் தோணுச்சாடா'ன்னு அக்கா கேட்டாங்க."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நாலு பேர் முன்னால் அண்ணன் பேச்சை எப்படி மறுப்பது என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்.

பொய் என்று சொல்லப் பாலுசாமி வாயைத் திறந்தார். அந்த ஈரத்துண்டு குறுக்கே வந்தது. விடிகாலைக் குளிரில் எவன் தலையில் ஈரத்துண்டு போடுவான்? இருபத்தாறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஒரு தடவைகூட அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. பிறகு அன்றைய வெயிலும் வந்தது. சொல்லியனுப்பலாமா என்று கேட்டவர்களிடமெல்லாம், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பொறுங்கள் என்று கை காட்டிய ஓர் ஆள் தெரிந்தான். அந்த ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கு வயசாயிப்போச்சு" என்று ரங்கராஜிடம் சொல்லிவிட்டு எழுந்தார். கிளாசில் பாதி டீ மிச்சமிருந்தது.

சோமனூரில் அக்கா வீட்டுத் தெருவில் தறிகள் நின்றிருந்தன. வேனைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதுவே அவருக்குப் பொறுக்கவில்லை. ஏன் இத்தனை நேரம் என்று வெங்கடபதி கேட்பார், எங்கம்மாவும் இப்படித்தான் காத்துக் கிடந்தாள் என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து வைத்திருந்த பதிலை இனி எங்கே சொல்வது?

வெங்கடபதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, இவர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"சேதி சொல்றதுல நாங்க தாமசம் பண்ணிப்போட்டமுங்களா மாப்ளே? அம்மா மூஞ்சியப் பாக்க முடியாமப் போச்சேன்னு அவ சாகற வரைக்கும் சொல்லுவாளுங்க. உங்களுக்கும் அப்பிடி ஆயிரக்கூடாதுன்னு காலையில இருந்து பதறிக்கிட்டே இருக்கறனுங்க."

பாலுசாமிக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருடம் காத்த பகையை ஒரு டீக்கடையில் பறிகொடுத்த எரிச்சல்தான் வந்தது. வெறுக்க அவருக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் அவரே ஆகிவிடக் கூடாது.

"ஆமாங்க மாமா. பதினொரு மணிக்குத்தானுங்க சேதியே வந்துச்சு."

பக்கத்தில் நின்ற ரங்கராஜ் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெங்கடபதி தலையில் அடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, மொதல்ல மாமனூட்டுக்குச் சொல்லோணும்னு தெரியாதா உனக்கு?"

அழுது வீங்கிய முகத்தோடு அருள்குமார், "ஏழு மணிக்கே..." என்று தொடங்கினான். மாமனைப் பார்த்தான். மாமன் கண்ணை எடுக்கவில்லை.

"ஏழு மணின்னுதானுங்க நெனச்சேன்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "அம்மா போன பொறவு எனக்கு ஒண்ணும் நெனப்பில்லீங்க. பதினொண்ணா இருந்தாலும் இருக்குமுங்க."

சுப்பாத்தாள் சேலையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பெண்கள் பக்கம் போனாள். பாலுசாமி உள்ளே போய்ச் சேலையைப் பிரித்து அக்காவின் மேல் போட்டார். பாடையைத் தூக்கி வரச் சொல்லி வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள்.

காலையிலிருந்து வைத்திருந்த ஐஸ் கட்டிகள் முக்கால்வாசி உருகி, அக்காவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. அருள்குமார் குனிந்து, மாமனின் கால் நனையாமல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டான்.