இல்லை சொல்லாத குரல்

பாண்டி பஜாரில் இருக்கும் மாமனார் நல்லசிவத்தின் ஜவுளிக்கடைக்கு, போனில் பதில் சொல்ல ஜெயஸ்ரீ ஒரு கணினிக் குரலைச் செய்து வைத்திருந்தாள். தப்பே சொல்லாத குரல். ஆனாலும் கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். "மிஷினை எடுத்துருவோம்மா" என்றார் நல்லசிவம். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அரிசி டப்பாவைத் திறந்தவள், "ஏங்க, அரிசி நெறஞ்சிருக்கு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று கணவனிடம் சொன்னாள். டப்பா காலி. அந்த வீட்டில் யாரும் எதையும் இல்லை என்று சொல்வதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய மிஷினோ நாள் முழுக்க, "அந்தக் கலர் இல்லை, அந்தப் புடவை இல்லை" என்று அடுக்கிக்கொண்டிருந்தது!

அன்றே மாற்றினாள். பொய்யும் கூடாது, இல்லையும் கூடாது. மயில் கழுத்துக் கலரில் பட்டு கேட்ட ஒருத்தியிடம் குரல் சொன்னது: "அது வியாழக்கிழமை வந்துரும்மா, உங்களுக்குன்னு எடுத்து வைக்கட்டுமா? என்ன விசேஷம்?" தங்கை வளைகாப்பைப் பற்றி அவள் பத்து நிமிஷம் பேசினாள்.

வியாழக்கிழமை அந்தப் பெண் கடைக்கே வந்துவிட்டாள், கையில் இரண்டு முழம் மல்லிகையோடு.

"போன்ல பேசின பொண்ணு எங்க? இது அவளுக்கு."

கடையே நல்லசிவத்தைப் பார்த்தது. அப்படி ஒரு பொண்ணு இல்லை என்று அவர் வாயால் சொல்வாரா? கல்லாவை விட்டு எழுந்து, அன்று கடைக்கு வந்திருந்த ஜெயஸ்ரீயைக் காட்டினார்.

"இந்தா நிக்காள்லா, எங்க வீட்டு மருமவ!"