அப்பா ஒப்பித்த கணக்கு

எங்கள் ஆபீசில் வருடக் கடைசியில் ஒரு வழக்கம். சம்பளத்தில் நூற்றுக்கு எவ்வளவு சேர்த்தோம் என்று ஒவ்வொருவரும் அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் சொல்ல வேண்டும். தொகையைக் கேட்க மாட்டார், சதவீதம் மட்டும்தான். அதை ஓர் அட்டையில் எழுதி காபி மெஷினுக்கு மேலே ஒட்டிவிடுவார். புதிய கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் ஓட வேண்டும் என்று வரைகிற ஆபீஸ் எங்களுடையது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் ஐந்து, எட்டு என்றுதான் சொன்னார்கள். எங்கள் மேனேஜர் பன்னிரண்டு என்றார். "அதுல மாமனார் குடுத்தது எவ்வளவு சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் நாற்பது என்றேன்.

"நாப்பதா? நீ சாப்பிடறியா இல்லையாடா?" என்றான் பக்கத்து சீட்டு நெட்டை.

"அவன் எங்க தன் காசுல சாப்பிடறான்? மத்தியானம் நம்ம டப்பாவுலதானே அவன் கை இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் எறும்பு. மேடத்துக்கு ஒரே பெருமை. திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எப்படிச் சேமிப்பது என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்.

நான் பொய் சொல்லவில்லை. சம்பளம் வந்ததும், வாடகைக்குக்கூட எடுத்து வைக்காமல், முதலில் வீட்டுக்குத்தான் அனுப்புவேன். அது சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது. மிச்சத்தில் வாடகை, பஸ், சாப்பாடு. மாதக் கடைசியில் என் கணக்கில் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அதனால் என்ன, அங்கே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாக அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

அதே வாரம் தங்கைக்கு பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருடப் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். குடும்ப குரூப்பில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாள். "பணத்தைப் பத்தி நீ பேசவே கூடாது. அண்ணன் சேத்து வெச்சிருக்கேன்" என்று நான் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அப்பா கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலையிலேயே பேங்குக்குப் போய் எடுத்துக் கட்டிடுங்க."

"நீ அனுப்பிட்டியாடா? மெசேஜ் ஒண்ணும் வரலையே."

"நான் எதுக்கு அனுப்பணும்? அங்க இருக்கறதுல எடுங்கம்மா."

"இங்க எதுடா இருக்கு?"

நான் சிரித்தேன். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "மாசாமாசம் அனுப்பறேனேம்மா, அதுதான்."

"அது வீட்டுச் செலவுக்கு அனுப்பறதுதானே?"

"வேண்டியதை எடுத்துக்கிட்டு மீதியைப் போட்டு வைக்கச் சொன்னேனே."

"எப்படா சொன்னே?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. மனதுக்குள் அத்தனை தடவை சொல்லிக்கொண்டதால், வாயாலும் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

போன் கை மாறியது. அப்பா பேசினார். "நீ அங்க தனியா சேத்து வெச்சுக்கிட்டு, போக மீதியைத்தான் அனுப்பறேன்னு நெனச்சோம்பா. கையில எவ்வளவு வெச்சிருக்கேன்னு சம்பாதிக்கற புள்ளைகிட்ட கேட்டா நல்லாவா இருக்கும்னு கேக்கல."

"மூணு வருஷம்ப்பா" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, தானாக வாயில் வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்கு அது எப்படிக் கேட்டதோ.

"வீண் செலவு ஒண்ணும் இல்லப்பா" என்று ஆரம்பித்தார். "கூரை ஒழுகினப்ப ஆளை விட்டுப் பூசினோம். எனக்குக் கண் ஆபரேஷன், உனக்கே தெரியும். உங்க அத்தைக்கு ஆஸ்பத்திரியில அவசரம்னு கேட்டா, அதைக் குடுத்தேன். அது திரும்பி வரும். துணி துவைக்கற மெஷின் நான் வேணாம்னுதான் சொன்னேன், உங்கம்மாவுக்கு முதுகு வலி..."

எனக்கு முதல் சைக்கிள் வாங்கித் தந்தவர் அவர். அதற்கு எவ்வளவு ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் என்னிடம் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "போதும்ப்பா" என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். மெஷின் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். அது எவ்வளவு ஆயிருக்கும் என்று மனதுக்குள் கணக்கும் போட்டேன்.

பின்னால் தங்கை குரல் கேட்டது. "விடுங்கப்பா, அடுத்த வருஷம் சேந்துக்கறேன். அண்ணனை ஒண்ணும் கேக்காதீங்க."

நேராக அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் போய் இரண்டு மாதச் சம்பளம் அட்வான்ஸ் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாப்பது சேக்கறவனுக்கு எதுக்குப்பா அட்வான்ஸ்?"

"எல்லாம் டெபாசிட்ல இருக்கு மேடம். இப்ப எடுத்தா வட்டி போயிடும்."

"பாத்தியா, இதுதான் புத்தி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை பணம் கட்டியாகிவிட்டது. தங்கைக்கு இடம் உறுதி.

திங்கட்கிழமை புதியவர்கள் ஆறு பேர் முன்னால் நின்றேன். என்னை விட ஓரிரு வயது சின்னவர்கள். சம்பளம் வந்ததும் முதலில் எடுத்து வைக்க வேண்டும், மிச்சத்தில்தான் செலவு என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் கை தூக்கினாள். "வீட்டுக்கு அனுப்பறது சேமிப்புல வருமா சார்?"

மேடம் கதவோரம் சிரித்தபடி நின்றிருந்தார்.

"வராது" என்றேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

என் சீட்டுக்கு வந்ததும் போன் அதிர்ந்தது. அப்பா. குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும் அனுப்பியிருந்தார். "சமையல் கட்டுல பல்பு போயிடுச்சு. புதுசு வாங்கினேன். விலை கம்மிதான்." கீழே கடை ரசீதின் படம்.

இப்படியெல்லாம் அனுப்பாதீங்கப்பா என்று எழுதி அழித்தேன். அதை எந்த முகத்தோடு சொல்வது? கடைசியில் "சரிப்பா" என்று மட்டும் போட்டேன். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது.