கறைச் சீட்டு

பாகில் ஊறிய பச்சை அக்ரூட் எல்லோர் கைக்கும் வந்தது, கிறிஸ்தல்லாவின் கையைத் தவிர. தெயோக்னோசியா தட்டைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு தாண்டிப் போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் சைப்ரஸில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிறிஸ்தல்லாவின் அப்பா மெலியோஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சீட்டைப் பார்த்தேன்," என்றாள் தெயோக்னோசியா. "உங்க பொண்ணுக்குக் கறை இருக்காமே."

கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் ரத்தம் சோதித்துக்கொண்டதாகச் சான்று காட்டாமல் பாதிரியார் தேதி கொடுக்க மாட்டார். அந்தச் சான்றில் முடிவு இருக்காது. முடிவைத் தனிச் சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுப்பார்கள். மெலியோஸ் சூதுவாது தெரியாதவர், கேட்டதும் மகளின் சீட்டை எடுத்து நீட்டிவிட்டார். பரம்பரை ரத்தச் சோகையைச் சுமப்பவர்களுக்கு எங்கள் டாக்டர்கள் வைத்த பெயர்தான் 'கறை'. படித்தவர்கள் கூடி யோசித்து வைத்த பெயர்! ஒரு பெண்ணைத் தள்ளிவைக்க இதைவிட வசதியான சொல் எங்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

கறை உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது. கிறிஸ்தல்லா ஆரஞ்சுக் கிடங்கில் ஆணுக்குச் சமமாகப் பெட்டி தூக்குகிறவள். கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால்தான் வம்பு. அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. நோய் வந்த பிள்ளை ஆயுள் முழுக்க, மாதந்தோறும் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வாழ வேண்டும்.

இதை டாக்டர் சொன்னபோது கிறிஸ்தல்லாவும் மாப்பிள்ளை பந்தெலாகிஸும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கும் கறை இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அழுதான். அவள்தான் தேற்றினாள். வயிற்றிலேயே சோதிக்க இப்போது வழி இருக்கிறது, நோய் இருந்தால் பெற்றுக்கொள்ள வேண்டாம், அதற்கு மனசு வரவில்லையென்றால் பிள்ளையே இல்லாமல் இருந்துவிடலாம் என்றாள். எதுவானாலும் சேர்ந்தே முடிவெடுப்போம் என்று அவன் கையடித்துச் சொன்னான்.

கையடித்த வீரன் இப்போது அம்மாவின் சோபாவில் உட்கார்ந்து ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பிள்ளை ரத்தம் ஊத்துத் தண்ணி மாதிரி. ஆம்பளைக்கு எதுக்குங்க சீட்டு?" என்றாள் தெயோக்னோசியா. யாரும் மறுக்கவில்லை. கறை கர்ப்பப்பை வழியாகத்தான் வரும் என்பது எங்கள் ஊரின் மருத்துவ ஞானம். மகளுக்குச் சீராகக் கூரை வரைக்கும் வீடு கட்டிவிட்ட மெலியோஸுக்குக்கூட மாப்பிள்ளையின் சீட்டைக் கேட்கத் தோன்றவில்லை.

"நீ சொல்லு," என்றாள் கிறிஸ்தல்லா அவனிடம்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

தெயோக்னோசியாவுக்குத் தெம்பு வந்தது. குரலும் கரகரத்தது. அதில் பொய் இல்லை. "நான் ஒண்ணைப் புதைச்சவ. மூணு வயசுல. வெளுத்துப் போயி, வயிறு வீங்கி. எல்லாம் எதிர்வீட்டு மருல்லா கண்ணு பட்டது. இன்னொண்ணைப் புதைக்க என்னால ஆகாது."

மருல்லா அவள் கணவன் லோயிஸோஸின் கூடப்பிறந்த தங்கை. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி அழகு என்று சொன்ன குற்றத்துக்காக இருபத்தெட்டு வருஷமாக அண்ணன் வீட்டு வாசற்படி ஏறாதவள்.

கிறிஸ்தல்லாவின் குரல் இறங்கியது. "அத்தை, அது கண்ணு இல்ல. நீங்க சொல்றதுதான் அந்த நோய். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் கறை இருந்தாத்தான் பிள்ளைக்கு அது வரும். உங்ககிட்டயும் இருக்கு, மாமாகிட்டயும் இருக்கு. உங்க மேல தப்பு இல்ல. மருல்லாம்மா மேலயும் இல்ல."

லோயிஸோஸ் அன்று முழுக்க வாய் திறக்காதவர். காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தெருவைக் கடந்து போய்த் தங்கையின் கதவைத் தட்டினார்.

தெயோக்னோசியா என்ன செய்தாள் என்கிறீர்கள்? காய்ந்த ஆலிவ் இலையைக் கொளுத்தி வீடு முழுக்கப் புகை காட்டினாள். மருல்லாவின் கண்ணைவிட இந்தப் பெண்ணின் கண் பொல்லாதது என்று மகனின் தலையைச் சுற்றி மூன்று முறை எடுத்தாள். முப்பது வயது ஆண்பிள்ளை தலையைக் குனிந்து காட்டினான்.

புகை அடங்கியதும், வீட்டுக்குக் கிளம்பிவிட்ட கிறிஸ்தல்லாவின் பின்னால் சந்தில் ஓடி வந்தான். அம்மா ரெண்டு நாளில் ஆறிவிடுவாள், சீட்டு மாறிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம், தன் சீட்டு மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றான்.

"பிள்ளை வயித்துல இருக்கறப்போ டாக்டர் நம்மைக் கேப்பாரு, வேணுமா வேண்டாமான்னு," என்றாள் அவள். "அன்னைக்கும் நீ தலையைக் குனிஞ்சுக்குவ. நான் ஒருத்தியா முடிவு சொல்லணும், ஒருத்தியாப் பழி சுமக்கணும். நோயைக்கூடத் தாங்கலாம் பந்தெலாகிஸ். இதைத் தாங்க முடியாது."

மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். விக்கி விக்கி அழுதுகொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

திங்கட்கிழமை கூட்டுறவுக் கடையில் பெண்கள் அவளுக்காகவே காத்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் அனுதாபம் வழிந்தது. ஒருத்தி தோளைத் தடவி, கறை இருக்கிறதென்று அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாமே என்று கேட்டாள்.

"இருக்குங்க," என்றாள் கிறிஸ்தல்லா, கடை முழுக்கக் கேட்கும்படி. "வேண்டாம்னது நான். அவருக்கும் இருக்கு. அதுக்காக வேண்டாம்னு சொல்லல. இருக்குன்னு சொல்ல அவருக்கு வாய் இல்ல, அதுக்காகச் சொன்னேன்."

பிறகு அரைக் கிலோ பாலாடைக்கட்டி கேட்டாள். கடைக்காரர் நிறுக்க மறந்து நின்றார். அவள் இன்னொரு முறை கேட்டாள்.