மூக்கன் லாரியும் முனியாண்டி சொன்ன கதையும்

முனியாண்டி ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்லும் ஆள் என்பது ராய்ஸ்டனுக்குப் புதிதல்ல. இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்துக்கு லாரி ஓட்டியவர்கள். கேமரன் மலையிலிருந்து கிள்ளான் துறைமுகம்வரை தேயிலை ஏற்றிப் போய் இடுப்பு ஒடிந்தவர்கள். இன்று தோட்டத்து டீக்கடை வாசலில் உட்கார்ந்து அந்த ஆள் அளந்துகொண்டிருந்ததை முதலில் சிரித்தபடிதான் ராய்ஸ்டன் கேட்டார்.

சுற்றுலாக்காரர்களுக்காகத் திறந்த கடை அது. அங்கே வேலை செய்யும் யுவனேஸ்வரி, பழைய டிரைவர்களின் கதைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விஜயனின் மகள். இவர்களோடு ஓட்டிய விஜயன், அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே தாப்பா ரோட்டில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

"ஒங்கப்பன் லாரிக்கு மூக்கன்னு பேருமா," என்றார் முனியாண்டி. "முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். மழை பேஞ்சா உள்ளாறயும் பேயும். ஒரு தோள்ல துண்டு, இன்னொரு தோள்ல பிளாஸ்டிக் பை, அப்படித்தான் ஓட்டுவான்!"

"பீடோர் கடையில சண்டை போட்டத சொல்லுங்கண்ணே," என்று ராய்ஸ்டனே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா லா! தேத்தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டு, 'நான் ஏத்திட்டுப் போற தேயிலைய இப்படியா கொல்லுவ?'னு கடைக்காரன் சட்டையப் புடிச்சிட்டான்."

யுவனேஸ்வரி சிரித்தாள். அப்பாவின் சிரிப்பேதான். முனியாண்டி அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாய்க்கு நிறுத்தத் தெரிந்தால்தானே!

"நல்ல மனுசன். தூங்கிட்டே ஓட்டிப்புட்டான். அதான் விதி."

ராய்ஸ்டனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தார்.

"யாரு தூங்குனது? மறுபடி சொல்லுங்க பாப்போம்!"

"உக்காரு ராய்ஸ்டன். பிள்ளை முன்னாடி எதுக்கு லா?"

"பிள்ளை முன்னாடிதான் சொல்லணும். மூணு லாரியும் ஒண்ணாத்தானே எறங்குனோம்? மூக்கன் முன்னால, நாம ரெண்டு பேரும் பின்னால. பிரேக் போனதுலருந்து கவுறுற வரைக்கும் அவன் ஹாரன்ல இருந்து கைய எடுத்தானா? ரோட்டோரம் தேன் வித்துக்கிட்டிருந்த காட்டு அஸ்லி ஜனங்க, சத்தம் கேட்டு பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்களே, பாக்கல நீங்க? ஒருத்தருக்கு ஒரு கீறல் படல. தூங்குறவன் ஹாரன் அடிப்பானாய்யா?"

பக்கத்து மேசையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவருக்கு. பிரேக் சரியில்லை என்று விஜயன் சொல்லாத நாளில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள் தோட்டத்து ஆபீசில். ஆள் செத்ததும் டிரைவர் தூங்கிவிட்டான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆபீசுக்குள் போய் கத்தியதற்கு ராய்ஸ்டனின் வேலை போனது. வேலை தேடி ஜொகூருக்கு பஸ் ஏறும்போது முனியாண்டியின் கையைப் பிடித்து, "மோகனாகிட்ட உண்மைய சொல்லிருங்கண்ணே," என்று கேட்டுக்கொண்டார். "நான் இருக்கேன்ல? நான் சொல்லிக்கிறேன், நீ போ," என்றார் இந்த மனிதர். தோட்டத்து லய வரிசையில் விஜயனும் மனைவி மோகனாவும் இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். பிறகு லாரிகளையெல்லாம் மேற்பார்க்கும் மண்டோர் ஆனவர். சொல்லியிருப்பார் என்று நம்பித்தான் ராய்ஸ்டன் போன மாதம் மலைக்குத் திரும்பி வந்தார்.

யுவனேஸ்வரி கைப்பேசியை இறக்கினாள்.

"அங்கிள், ஆக்சிடென்ட்டுக்கு மொத நாள் எனக்குக் காய்ச்சலாம். ராத்திரி பூரா அப்பா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாராம். 'நான் பிள்ளைய வாங்கியிருந்தா அவரு தூங்கியிருப்பாரே'ன்னு அம்மா இன்னமும் தன்னையே திட்டிக்குவாங்க." அவள் கைப்பேசித் திரையை அணைத்தாள். "நான் என்னைத் திட்டிக்குவேன்."

ராய்ஸ்டன் முனியாண்டியை முறைத்தார். இத்தனை வருடம் தாயும் மகளும் ஆளுக்கொரு மூலையில் இதையா சுமந்துகொண்டிருந்தார்கள்? முனியாண்டியின் கழுத்தைப் பிடித்துவிடலாம் போல கை துறுதுறுத்தது.

"மாமா," அவள் முனியாண்டியின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஹாரன் சத்தம் கேட்டீங்களா?"

கதை சொல்லியே பேர் வாங்கிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டேன்மா. வேலை போயிரும்னு பயம். அப்புறம் எப்படி சொல்றதுன்னு..."

அவள் அழவில்லை. கைப்பேசியில் எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியைப் போட்டு, அவர் கையில் திணித்தாள்.

"எனக்கு வேணாம். அம்மாகிட்ட சொல்லுங்க."

மறுமுனையில் மணி அடித்தது. முனியாண்டி கெஞ்சுவது போல ராய்ஸ்டனைப் பார்த்தார். ராய்ஸ்டன் கைப்பேசியைக் கண்ணால் காட்டினார்.

"ஹலோ, யுவனா?" என்றது மோகனாவின் குரல்.

"நான்... முனியாண்டி பேசுறேன்மா. விஜயன் தூங்கல. பிரேக்கு போயிருச்சு. கடைசி வரைக்கும் ஹாரன் அடிச்சிக்கிட்டே போனான். நானும் பின்னாலதான் வந்தேன்."

 

"இது தெரிஞ்சிருந்துமா அண்ணே," என்றாள் மோகனா, "வருசா வருசம் தீபாவளிக்கு அவரு படத்துக்கு முன்னால உக்காந்து என் கையால சாப்புட்டீங்க?"